அறுகம்பையில் முதல் சேர்ஃப் பலகை: எதை, எப்போது, எந்த வரிசையில் வாங்குவது

என்னுடைய முதல் பலகை இன்னும் கல்முனையில் எங்கள் வீட்டு விறாந்தைச் சுவரோடு சாத்திக் கிடக்கிறது. 6 அடி நீளம், கூரான மூக்கு, அடியில் மீன் செட்டை போல மூன்று செட்டை, பார்த்தால் ஆசை வரும். ஒக்டோபரில் சீசன் முடிந்து ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஒரு வெளிநாட்டுக்காரர் பாதி விலைக்குத் தருகிறேன் என்றார், நானும் அங்கேயே காசை எண்ணிக் கொடுத்துவிட்டேன். அதன் மேல் நான் எழுந்து நின்றது மொத்தம் இரண்டு தரம், அதுவும் உடைந்து கரைக்கு வந்த நுரையில். போன வருடம் அம்மா அதில் மிளகாய் காயப்போடலாமா என்று கேட்டார்.

அப்போது என் எடை 78 கிலோ. பலகையின் அடியில் 28 லிட்டர் என்று எழுதியிருந்தது. அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது, விற்றவரும் சொல்லவில்லை. அந்த எண் மட்டும் விளங்கியிருந்தால் ஒரு சீசன் முழுவதும் உப்புத் தண்ணீர் குடித்திருக்க மாட்டேன்.

ஒரு சின்ன விஷயம். பத்திரிகைகளில் அலைச்சறுக்கு, நீர்ச்சறுக்கல் என்று வரும், அறுகம்பைக் கரையில் உள்ள உல்லை ஊரில் பொடியன்கள் சேர்ஃபிங், போர்ட் என்பார்கள். நான் பலகை என்றே எழுதுகிறேன். போர்ட் என்று எழுதினால் மீன்பிடிக்கிற போட்டோடு குழம்பும், அந்தப் போட்டும் கீழே ஓர் இடத்தில் வரத்தான் போகிறது.

காசை வெளியே எடுக்கும் முன்

நீந்தத் தெரியுமா? குளத்தில் இல்லை, கடலில். பலகை இல்லாமல் அலைக்கு வெளியே பத்து நிமிடம் மிதந்து நிற்க முடியுமா? முடியாவிட்டால் முதலில் அதைப் பழகுங்கள். பலகை உயிர்காப்பு மிதவை இல்லை. பலகையைக் காலோடு கட்டும் கயிறு அறுந்தால் அது உங்களுக்கு முன்னால் கரைக்குப் போய்விடும்.

காலம்: ஏப்ரல் கடைசி அல்லது மே தொடங்கி ஒக்டோபர் வரை. தெற்கே வெகுதூரத்தில், தென் சமுத்திரத்தில் கிளம்பும் அலை அந்த மாதங்களில் நம் கரையின் முனைகளில் வளைந்து வந்து ஒழுங்காக உடைகிறது. காலையில் காற்று கரையிலிருந்து கடல் பக்கம் வீசுவதால் அலையின் முகம் வழுவழுவென்று நிற்கும், பத்துப் பதினொரு மணிக்குப் பிறகு காற்று மாறிக் கலக்கிவிடும். நவம்பருக்குப் பின் வாடை, மழை, கலங்கிய கடல், அப்போது பழக வராதீர்கள்.

மட்டக்களப்பில் இருக்கிற நண்பர்கள் கல்லடியிலோ பாசிக்குடாவிலோ பழகினால் என்ன என்று கேட்கிறார்கள். பாசிக்குடாவில் ஆழமில்லாத தண்ணீர் நெடுந்தூரம் போகும், ஆனால் அலை கிடையாது, பலகையில் குப்புறக் கிடந்து துடுப்பு வலிப்பது போலக் கையால் தண்ணீரை வலிக்கப் பழக மட்டும் அது அருமையான இடம், பாதிப் பேர் அறுகம்பையில் தோற்பது அந்தக் கை வலிப்பில்தான். கல்லடியில் அலை கரையிலேயே மொத்தமாக விழுந்து உடைகிறது. அங்கே பலகையோடு இறங்க வேண்டாம்.

முதல் படி: வாங்காதீர்கள், வாடகைக்கு எடுங்கள்

சுவிஸில் இருக்கும் என் சித்தப்பாவின் மகன் பனிச்சறுக்குப் பழகியபோது முதலில் வாங்கியது சப்பாத்து மட்டும். சறுக்குப் பலகைகளை இரண்டு குளிர்காலம் வாடகைக்கு எடுத்தானாம். சப்பாத்து காலோடு சரியாகப் பொருந்தாவிட்டால் வேறு எது நல்லதாக இருந்தும் பயனில்லை, பலகையின் நீளமோ நாம் பழகப் பழக மாறிக்கொண்டே இருக்கும், இதுதான் அவன் சொன்ன காரணம். நமக்கும் அதே கணக்குத்தான். உடம்போடு ஒட்டுகிற சாமானைச் சொந்தமாக வாங்குங்கள், பலகையை முதலில் வாடகைக்கு எடுங்கள்.

குறைந்தது ஐந்தாறு நாள், முடிந்தால் ஒவ்வொரு நாளும் வேறு அளவு. உல்லை மெயின் ரோட்டில் வாடகைக் கடைகள் நிறைய உண்டு, ஒரே கடையில் தொடர்ந்து எடுத்தால் மாற்றித் தருவார்கள். ஒரு கொப்பி வைத்துக்கொள்ளுங்கள். பலகையின் நீளம், அகலம், தடிப்பு, லிட்டர் (அடியில் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் எழுதியிருக்கும்), அன்றைக்கு எத்தனை அலையில் எழுந்து நின்றீர்கள், எங்கே நோவு, கொடுத்த வாடகை எவ்வளவு. ஐந்தாம் நாள் அந்தக் கொப்பியைப் பார்த்தால் எந்தக் கடைக்காரரும் சொல்லாத பதில் அதில் இருக்கும்.

இடத்தையும் பார்த்துத் தெரிவு செய்யுங்கள். பேபி பொயின்ட், வடக்கே விஸ்கி பொயின்ட், இரண்டும் பழகுகிறவர்களுக்கு. மெயின் பொயின்ட் பெயர் பெற்றது, ஆனால் அடியில் பாரும் (கடலடிப் பாறைத் திட்டு) கல்லும், அலையில் இருப்பவர்கள் கைதேர்ந்தவர்கள், புதிதாக வந்தவர் நடுவில் கிடந்தால் அவருக்கும் ஆபத்து, மற்றவருக்கும் ஆபத்து. தெற்கே பாணமைப் பக்கம் பீனட் ஃபார்ம் இருக்கிறது. பீனட் என்றால் நமக்குக் கச்சான், சீசனில் அடிக்கும் மேல்காற்றுக்கும் கச்சான் என்றுதான் பெயர், யாரோ தெரியாமலே பொருத்தமாகப் பெயர் வைத்துவிட்டார்கள். அந்தப் பாதையில் விடியப்புறம் யானை நிற்கும், தனியாக மோட்டார் சைக்கிளில் போகாதீர்கள்.

வாடகை நாட்களில் இன்னொன்றும் தெரிந்துவிடும், உங்களுக்கு எந்தக் கால் முன்னே வருகிறது என்பது. இடக்கால் முன்னே என்றால் ரெகியுலர், வலக்கால் முன்னே என்றால் கூஃபி. அறுகம்பையைச் சுற்றியுள்ள முனைகளில் அலை வலப்பக்கமாக ஓடும், ஆகவே ரெகியுலர் ஆட்கள் அலையைப் பார்த்தபடி போவார்கள், கூஃபி ஆட்கள் முதுகைக் காட்டியபடி போக வேண்டும். நான் கூஃபி. குறையில்லை, கொஞ்சம் கூடுதலாகப் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாம் படி: லிட்டரை விளங்கிக்கொள்ளுங்கள்

பலகையில் எழுதியிருக்கும் லிட்டர் அதன் கன அளவு. ஒரு லிட்டர் கடல்நீரின் எடை ஒரு கிலோவுக்குச் சற்று மேல். 28 லிட்டர் பலகையை முழுக்கத் தண்ணீருக்குள் அமுக்கினால் அது கிட்டத்தட்ட 28 கிலோவைத்தான் மேலே தள்ளும், மிச்சத்தை உங்கள் உடம்பே தண்ணீருக்குள் இறங்கித்தான் சமாளிக்க வேண்டும். தேர்ந்தவர்கள் அதைக் கைவலுவாலும் வேகத்தாலும் ஈடுகட்டுகிறார்கள். புதியவர் நெஞ்சு வரை தண்ணீரில் புதைந்து கிடந்து, கையால் எவ்வளவு வலித்தாலும் நகராமல், அலை அடியால் நழுவிப் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

தொடக்கத்துக்கு என் கணக்கு எளிது: உங்கள் எடை எத்தனை கிலோவோ, பலகையின் லிட்டர் அதைவிடக் குறையக் கூடாது. கூடினால் நல்லது. 55 முதல் 80 கிலோ வரை உள்ளவர்களுக்கு 8 அடி, அதற்கு மேல் என்றால் எட்டரை முதல் 9 அடி. மெலிந்தவர்கள், பதின்ம வயதுப் பிள்ளைகள் 7 அடி, ஏழரை அடியில் தொடங்கலாம். அகலம் 22 அங்குலத்துக்குக் கீழே போகாதீர்கள், தடிப்பு 3 அங்குலத்துக்குக் குறைய வேண்டாம். மூக்கு வட்டமாக இருக்கட்டும். பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் அதிகம் வளையாமல் தட்டையாக இருப்பதுதான் அலையைச் சீக்கிரம் பிடிக்கும், வாழைப்பழம் போல வளைந்தது செங்குத்தான அலைக்கு.

உயரத்தை வைத்துப் பலகை தெரிவு செய்யச் சொல்கிறவர்களை நம்பாதீர்கள். எடைதான் முக்கியம். கடலில் சோதிக்க ஒரு வழி: பலகையில் குப்புறக் கிடந்து தலையை நிமிர்த்தினால் மூக்கு தண்ணீருக்கு மேலே மூன்று நாலு விரல் உயரத்தில் நிற்க வேண்டும். மூக்கு புதைந்தால் நீங்கள் முன்னால் கிடக்கிறீர்கள், வானத்தைப் பார்த்தால் பின்னால். எப்படி நகர்ந்து கிடந்தாலும் நடுப்பகுதி தாழ்ந்தே இருந்தால் பலகை சின்னது.

அகலமான பலகையைக் கக்கத்தில் இடுக்க எல்லோருக்கும் கை எட்டாது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, துவாயைச் சும்மாடாகச் சுருட்டித் தலையில் வைத்துத் தூக்குங்கள். காற்றடிக்கும்போது மட்டும் மூக்கைக் காற்றின் பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: எந்தப் பொருளில் செய்தது?

முதல் பலகை ஃபோம் பலகையாக இருக்கட்டும். மேலே மெத்தென்ற ஃபோம், உள்ளே ரெஜிபோம் (தெர்மோகோல்) மாதிரியான கட்டியும் அதற்குள் மரச்சட்டமும், அடியில் வழுக்குகிற பிளாஸ்டிக் தகடு. தலையில் பட்டால் வீங்கும், ஆனால் பிளக்காது. மற்றவர் மேல் பட்டாலும் அப்படித்தான், பழகும் காலத்தில் உங்கள் பலகை யார் மேலாவது படத்தான் போகிறது. "அது சின்னப் பிள்ளைகள் வைத்திருக்கிறது" என்று சிரிப்பவர்கள் இருப்பார்கள், சிரிக்கட்டும்.

ஃபைபர் கிளாஸ் போர்த்திய கடினப் பலகைகளில் இரண்டு வகை. பழைய முறை: பொலியூரித்தேன் ஃபோம், மேலே பொலியெஸ்டர் ரெசின் (ஊற்றினால் இறுகும் பசை). இன்னொன்று: ரெஜிபோம் வகை இபிஎஸ், மேலே எபொக்சி ரெசின். அமெரிக்காவில் பொலியூரித்தேன் கட்டிகளை அதிகமாகச் செய்துவந்த கிளார்க் ஃபோம் தொழிற்சாலை 2005 டிசம்பரில் திடீரென மூடப்பட்டது, அதன் பிறகுதான் எபொக்சி வகை வேகமாகப் பரவியது. எபொக்சி இலேசானது, நன்றாக மிதக்கும்.

இந்த வேறுபாடு வாங்கும்போது பெரிதாகத் தெரியாது, பழுதுபார்க்கும்போது தெரியும். நம் கரையில் ஃபைபர் போட் திருத்துகிறவர்கள் கைதேர்ந்தவர்கள், பலகை வெடித்தால் அவர்களிடம் கொண்டுபோகத்தான் மனம் சொல்லும். பொலியூரித்தேன் பலகை என்றால் தாராளமாகக் கொண்டுபோங்கள், அவர்கள் பாவிக்கிற பொலியெஸ்டர் ரெசின் அதற்கு ஒத்துப்போகும். இபிஎஸ் பலகைக்கு அதே ரெசினை ஊற்றினால் உள்ளே இருக்கும் ஃபோமைக் கரைத்துத் தின்றுவிடும். என் நண்பனின் பலகையை நான்தான் ஒரு இடத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன், கட்டைவிரல் அளவு ஓட்டையோடு போனது, சிரட்டை அளவு பள்ளத்தோடு திரும்பி வந்தது. திருத்தியவர் மேல் பிழையில்லை, என்ன வகை என்று நான் சொல்லவில்லை. உடைந்த இடத்தில் ரெஜிபோம் போலக் குருணை குருணையாகத் தெரிந்தால் அது இபிஎஸ், எபொக்சி மட்டும் போட வேண்டும். எபொக்சியை இரண்டு வகைக்கும் போடலாம், சந்தேகம் வந்தால் அதுவே பாதுகாப்பு.

நான்காம் படி: பழைய பலகையைச் சோதிப்பது

புதிது வாங்க வசதியிருந்தால் சரி. பெரும்பாலும் நம் ஆட்கள் வாங்குவது செப்டெம்பர், ஒக்டோபரில் ஊர் திரும்புகிறவர்கள் விற்கும் பலகையும், சீசன் முடிவில் வாடகைக் கடைகள் கழிக்கும் பலகையும்தான். மலிவாகக் கிடைக்கும், ஆனால் விற்பவர் அவசரத்தில் இருப்பார், அந்த அவசரம் உங்களைத் தொற்றிக்கொள்ளக் கூடாது. எனக்குத் தொற்றியது.

பகலில் பாருங்கள், ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அதன் அடியில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். முதலில் கையில் தூக்குங்கள். அதே அளவுப் பலகைகளை வாடகைக்குத் தூக்கிய உங்கள் கைக்கு எடை தெரியும், இது பாரமாக இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. ஃபோம் பலகையில் தண்ணீர் புகுவது பெரும்பாலும் ஓரத்தில் மேல்ஃபோமும் அடித்தகடும் சேரும் இடத்தால், செட்டை பூட்டும் ஓட்டையால், கால் கயிறு கட்டும் குமிழால். இந்த மூன்றையும் விரலால் நெம்பிப் பாருங்கள். பலகையைக் கொஞ்ச நேரம் வெயிலில் வையுங்கள், உள்ளே இருக்கும் காற்று சூடாகி விரியும்போது வெடிப்பிருக்கும் இடத்தால் தண்ணீர் கசியும்.

அடுத்தது, மூக்கையும் வாலையும் இரண்டு கதிரையில் வைத்து நடுவில் உள்ளங்கையால் மெதுவாக அமுக்குங்கள். ஓரளவு வளைவது இயல்பு. கறகறவென்று சத்தம் வந்தாலோ, ஒரே இடத்தில் மட்டும் மடிந்தாலோ உள்ளே சட்டம் முறிந்திருக்கிறது. அடித்தகட்டில் குறுக்காக ஒரு சுருக்கக் கோடு ஓடினாலும் அதே கதைதான், என்ன விலை சொன்னாலும் விட்டுவிடுங்கள்.

கடினப் பலகையில் கட்டைவிரலால் அங்கங்கே அமுக்குங்கள், அப்பளம் போலப் பொருமி உள்ளே போனால் மேல்தோல் ஃபோமை விட்டுப் பிரிந்திருக்கிறது. மஞ்சள் நிறம் வெயில் பட்டதால் வருவது, அது மட்டும் குற்றமில்லை. காய்ந்த வெடிப்பைத் திருத்தலாம், பழுப்பேறி ஈரமாக இருப்பதைக் காயவைத்து முடியாது.

ஐந்தாம் படி: கயிறும் செட்டையும்

கால் கயிற்றைக் கடையில் லீஷ் என்று கேளுங்கள். பலகையின் நீளமே கயிற்றின் நீளம், 8 அடிக்கு 8 அடி. குறைந்தால் பலகை உங்கள் மேல் தெறித்துத் திரும்பும். தடிப்பு 7 மில்லிமீட்டர் போதும், 9 அடிப் பலகைக்கு 8 நல்லது. குளிர்ந்த கடலில் போடும் ரப்பர் உடுப்பான வெட்சூட்டைப் பெயர்பெறச் செய்த ஜாக் ஓ'நீல் தன் இடக்கண்ணை இழந்தது 1971இல், ரப்பராக இழுபட்ட அந்தக் காலத்துக் கயிறு பலகையை அவர் முகத்துக்கே திருப்பி அனுப்பியதால். இன்றைய கயிறு அப்படி இழுபடாது, ஆனாலும் விழுந்தால் இரண்டு கையாலும் முகத்தையும் தலையையும் மூடிக்கொண்டே மேலே வாருங்கள்.

பழைய பலகையோடு வரும் பழைய கயிற்றை மட்டும் நம்பாதீர்கள். நகத்தால் தடவினால் சின்ன வெட்டுத் தெரியும், அங்கேதான் அறும். வெல்க்ரோ ஒட்டவில்லை என்றாலும் எறியுங்கள். முழுத் தொகுப்பில் புதிதாகவே வாங்க வேண்டியது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். கட்டுவது பின்னங்காலில்.

செட்டை, அதாவது ஃபின். அவுஸ்திரேலியாவின் சைமன் அண்டர்சன் 1981இல் மூன்று செட்டைப் பலகையைப் பிரபலமாக்கினார், இன்றைக்கும் பெரும்பாலான பலகைகள் அப்படித்தான். உங்களுக்கு மென்மையான பிளாஸ்டிக் செட்டை போதும். பூட்டும்போது பார்க்க வேண்டியது, பக்கத்துச் செட்டைகளின் தட்டையான முகம் உள்பக்கம் இருக்க வேண்டும், இரண்டு பக்கமும் வளைந்தது நடுவில். ஃபோம் பலகையில் திருகாணி மேலிருந்து வரும், கடலுக்கு இறங்கும் முன் ஒவ்வொரு தரமும் இறுக்கிப் பாருங்கள். கடினப் பலகையில் எஃப்சிஎஸ், ஃபியூச்சர்ஸ் என்று வெவ்வேறு பூட்டு முறைகள் உண்டு, ஒன்றின் செட்டை மற்றதில் ஏறாது. தொலைந்தால் புதிது தேடுவதற்கு எந்த முறை என்று கொப்பியில் எழுதி வையுங்கள்.

வாக்ஸ், உடுப்பு, மற்றது

கால் வழுக்காமல் பலகையின் மேல் தேய்ப்பது வாக்ஸ். கனடாவில் இருக்கும் மச்சானிடம் அதைக் கொண்டுவரச் சொன்னேன், பத்துக் கட்டி கொண்டுவந்தான். எல்லாம் குளிர்நீர் வாக்ஸ். விஸ்கி பொயின்ட் மணலில் வைத்த ஐந்தாவது நிமிடம் நெய் மாதிரி ஓடியது. நம் கடல் சீசனில் 27, 28 பாகை, ஆகவே ட்ரொப்பிக்கல் என்று எழுதியதை மட்டும் வாங்குங்கள். ஃபோம் பலகைக்கு வாக்ஸ் கட்டாயமில்லை, கால் வழுக்கினால் நிற்கும் இடத்தில் மட்டும் தேய்த்தால் போதும். பாவம், அவன் தடித்த வெட்சூட்டும் ஒன்று கொண்டுவந்திருந்தான். இந்தக் கடலுக்கு அது தேவையே இல்லை.

தேவைப்படுவது ராஷ் வெஸ்ட், அதாவது உடம்போடு ஒட்டும் மெல்லிய மேல்சட்டை, நீளக்கை, கழுத்து வரை. ஃபோமில் கிடந்து கையால் வலித்தால் வெறும் நெஞ்சும் வயிறும் ஒரு மணி நேரத்தில் உரிந்துவிடும், வெயில் வேறு. பெண்கள் முழுக்கால் லெகிங்ஸோடு, தலைமறைப்போடு இறங்குவது அறுகம்பையில் புதினம் இல்லை, அங்கே பெண்களுக்கென்றே ஒரு சேர்ஃப் கழகம் இருக்கிறது, உள்ளூர்ப் பெண்கள் நடத்துவது. தொளதொளப்பான உடுப்பு மட்டும் வேண்டாம், தண்ணீர் குடித்துப் பாரமாகும். முகத்துக்கு சிங்க் உள்ள தடித்த கிரீம். பாரில் இறங்குவதாக இருந்தால் ரப்பர் சப்பாத்து, கடல் முள்ளி குத்தினால் அந்தக் கிழமை போய்விடும்.

வீட்டில் வைப்பதும் ஏற்றிப் போவதும்

ஃபோம் பலகைக்கு எதிரி அலை இல்லை, வெயில். மணலில் திறந்தபடி விட்டால் ஒட்டு இளகிப் பொருமத் தொடங்கும். நிழல் இல்லாவிட்டால் பழைய சாரம் ஒன்றை நனைத்துப் போர்த்துங்கள். வீட்டுக்கு வந்ததும் கயிற்றையும் திருகாணியையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள், தகரக் கூரைக்குக் கிட்ட வைக்காதீர்கள்.

கல்முனையிலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ A4 வீதியில் பஸ்ஸில் வருகிறவர்கள் 8 அடிப் பலகையோடு ஏற நினைக்காதீர்கள். நான் ஒரு தரம் அக்கரைப்பற்றில் முயன்றேன், கண்டக்டர் தம்பி பலகையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு "அண்ணன், இதுக்கும் ஒரு டிக்கட் எடுக்கணும், ஆனா சீட் இல்ல" என்றார். உல்லையிலோ பொத்துவிலிலோ தெரிந்த வீடு இருந்தால் சீசன் முழுவதும் அங்கேயே நிழலில் வைத்துவிட்டு, ராஷ் வெஸ்ட்டும் கயிறும் மட்டும் பையில் போட்டுக்கொண்டு முதல் பஸ்ஸில் வரலாம், நான் இப்போது செய்வது அதுதான்.

அங்கிருந்து கடலுக்கு ஆட்டோ. பல ஆட்டோக்களில் கூரையில் பலகை வைக்கத் தாங்கி பூட்டியிருப்பார்கள். பலகையின் மேல்பக்கம் கீழே பார்க்க, செட்டை வானத்தைப் பார்த்தபடி வண்டியின் முன்பக்கமாக வரும்படி வையுங்கள், பட்டி நழுவினாலும் செட்டையில் தடுத்து நிற்கும். இறுக்கிக் கட்டினால் ஃபோம் நசிந்து அந்தத் தடம் அப்படியே நின்றுவிடும், பட்டிக்கு அடியில் துவாயை மடித்துக் கொடுங்கள்.